பழுப்பு மாத்திரையைத் தொடாத திருடி

"எடுத்தவளைக் கண்டுபிடிச்சுக் கொடுங்க. ஆனா நான்தான் கேட்டேன்னு அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு கிளினிக் நர்ஸ் சிஸ்டர் உனைசி இப்படித்தான் ஆரம்பித்தாள். குடையிலிருந்து சொட்டிய தண்ணீர் ஜோவேசாவின் அறைத் தரையில் ஓடை வெட்டிக்கொண்டிருந்தது.

போலீஸ் உத்தியோகத்தை உதறிவிட்டு, தீவு நாட்டின் தலைநகரான சுவாவில், மார்க்கெட்டுக்கு எதிரே மாடியில் அறை பிடித்துத் துப்பறிய உட்கார்ந்த நாளிலிருந்து ஜோவேசா பல தினுசான கட்சிக்காரர்களைப் பார்த்திருக்கிறார். கண்டுபிடி, ஆனால் சொல்லாதே என்கிற தினுசு இப்போதுதான் வருகிறது.

"ஏன் சொல்லக் கூடாது?"

"இதுகூடத் தெரியாமத்தான் இத்தனை வருஷம் போலீஸ்ல குப்பை கொட்டுனீங்களா, பாஸ்?" ஜன்னலோர பெஞ்சிலிருந்து குரல் வந்தது. வசிதி. அவருடைய உதவியாளர். நாற்பதைத் தொடப் போகிறவள். வாய்க்கு மட்டும் இன்னும் பதினாறு. இடது காலைப் பிஸ்கட் டின் மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு, நாட்டுப் புகையிலையைச் செய்தித்தாள் துண்டில் உருட்டிக்கொண்டிருந்தாள். "கேரேகேரேன்னு சொல்லி ஒருத்தி வந்து கேட்டா, இருக்கறதைக் குடுத்துடணும். போனதைத் திருப்பிக் கேட்டா, கேட்டவதான் கஞ்சம். சிஸ்டர் நாளைக்குச் சர்ச்சுல தலை காட்ட முடியுமா?"

"கேட்டு வாங்கிட்டுப் போயிருந்தா நான் ஏன்டி இங்க வரேன்? கேக்காம எடுத்திருக்கா," என்றாள் உனைசி. "கேக்காம எடுக்கறது உங்க தீவுப் பழக்கம். எங்க தாத்தா பன்னியை அவுத்துட்டுப் போனவங்கதானே நீங்க?"

"நாங்க அவுக்கல, தௌ. பன்னியே பின்னாடி வந்துச்சு. உங்க வீட்டுச் சாப்பாட்டுக்குப் பயந்து."

இருவரும் சிரித்தார்கள். ஜோவேசா குறுக்கிடவில்லை. அவள் தீவின் குலதெய்வமும் இவள் தீவின் குலதெய்வமும் உறவு. அதனால் இரண்டு தீவுக்காரர்களும் ஒருவருக்கொருவர் 'தௌ'. எவ்வளவு வேண்டுமானாலும் வாரலாம். வாரப்பட்டவர் முறைக்கக் கூடாது. தௌ இரண்டு பேர் சந்தித்துவிட்டால் நடுவில் புகுவதைவிட மேஜையிலிருக்கும் டீ ஆறும்வரை காத்திருப்பதே புத்திசாலித்தனம் என்பது அவர் அனுபவம்.

டீ ஆறியது. உனைசி கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"என் கருத்தடை மாத்திரை. மொத்தமா வாங்கிப் பையில வச்சிருந்தேன். நெட்பால் விளையாடப் போறப்ப மைதானத்துப் பக்கத்து சர்ச் ஹால்ல பையை மாட்டிட்டுப் போவேன். அடுத்த அட்டைக்காகப் போன வாரம் தேடினா ஒரு அட்டைகூட இல்ல. இது அந்த ஹால் குப்பைக்கூடையில கெடந்துச்சு."

"வீட்டுல வைக்கிறதுக்கு என்ன?"

"மாமியார் பேரன் வேணும்னு தினம் ஜெபம் பண்றாங்க. நடுவுல இது கண்ணுல பட வேணாமேன்னுதான்."

"கடவுளுக்குத் தெரிஞ்சது மாமியாருக்குத் தெரியக் கூடாது," என்றாள் வசிதி. "சரிதான்."

ஜோவேசா அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "காணாமப்போனதுக்குப் பதிலா வேற வாங்கிக்கலாமே, சிஸ்டர்?"

"வாங்கிட்டேன். எனக்காக வரல." உனைசியின் முகத்தில் சிரிப்பு வடிந்துவிட்டது. "இதை எனக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி பிரஷர் பார்த்தாங்க. ஒத்தைத் தலைவலி வருமா, அது வரப்போ கண்ணு முன்னாடி பூச்சி பறக்குமான்னு கேட்டாங்க. புகைப்பழக்கம் கேட்டாங்க. எடுத்தவளை யாரும் எதுவும் கேக்கல. நல்ல மாத்திரைதான், நானே முழுங்கறேன். பெரும்பாலான பொண்ணுங்களுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா முப்பத்தஞ்சு தாண்டினவ, புகை பிடிக்கிறவன்னு வையுங்க, அவளுக்கு இது ஆகாது. மாரடைப்பு, பக்கவாதம்னு போயிடலாம். அப்படி ஒருத்தி கையில இது இருந்தா? செத்தப்புறம் கண்டுபிடிச்சு என்ன பிரயோசனம்?"

ஜன்னலோரம் தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. பற்றவில்லை. மறுபடி உரசல் இல்லை.

"மழையில பெட்டி நமத்துப்போச்சு," என்று சொல்லி வசிதி உருட்டிய புகையைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டாள்.

ஜோவேசா அட்டையை வெளிச்சத்தில் பிடித்தார். வெள்ளை மாத்திரைகள் இருந்த குழிகள் எல்லாம் காலி. கடைசி வரிசையில் பழுப்பு மாத்திரைகள் மட்டும் ஒன்றுகூட உடையாமல் பத்திரமாக இருந்தன.

"இந்தப் பழுப்பு எதுக்கு?"

"சும்மா. அதுல மருந்து கிடையாது. தினம் முழுங்குற பழக்கம் விட்டுப்போகாம இருக்கத்தான். அதை முழுங்குற நாள்லதான் தூரம் வரும்."

"அப்ப இவளுக்குப் பிள்ளை வேண்டாம்ங்கிறது கவலை இல்ல," என்றார் ஜோவேசா. "அந்தக் கவலைன்னா அட்டையை முழுசா முடிச்சிருப்பா. இவ பழுப்பைத் தூக்கிப் போட்டுட்டு அடுத்த அட்டை வெள்ளைக்குத் தாவியிருக்கா. தூரம் தள்ளிப்போகணும். ஏதோ ஒரு நாள்ல உடுப்புல கறை படக் கூடாது. ஹால்ல பையை மாட்டுறவங்க யாரு?"

"எங்க டீம்தான். லீக் போட்டி வருது." உனைசி நிமிர்ந்தாள். "ஐயோ. இந்தத் தடவை புதுப் பாவாடை. வெள்ளைன்னு பேசிக்கிட்டாங்க. நான் நைட் டியூட்டி, இன்னும் பார்க்கல."

"டீம்ல புகை பிடிக்கிறது?"

"தோரிகா. கோல் கீப்பர். நாப்பத்தொண்ணு. ரெண்டு புகைக்கு நடுவுலதான் மூச்சே விடுவா."

ஜோவேசா தொப்பியை எடுத்தார். "வசிதி, கிளம்பு."

"கால் சுளுக்கு, பாஸ். கப்பல்லேர்ந்து எறங்குறப்ப மடங்கிக்கிச்சு."

"கால்தானே? வாய் நல்லாத்தானே இருக்கு. எனக்கு அதுதான் வேணும்."

*

நெட்பால் மைதானத்தில் மழை விட்டிருந்தது, தோரிகா விடவில்லை. தடுப்பாட்டத்தில் யாரையோ இடித்துத் தள்ளிவிட்டு, பயிற்சி இடைவேளைக்குப் பெஞ்சில் வந்து விழுந்த கையோடு ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தாள். ஜோவேசாவின் சட்டைக்காலர் அளவுக்கு அவள் மணிக்கட்டு இருந்தது.

"வாங்க மாமா. ஆம்பிளைங்க டீமுக்கு ஆள் சேக்க வந்தீங்களா? கோல் கம்பம் காலியா இருக்கு, நீங்க நின்னாப் போதும்."

"கம்பத்துக்கு இவ்வளவு தொப்பை இருக்காது," என்றாள் வசிதி. ஆனால் எப்போதும்போலச் சொல்லவில்லை. கெந்திக் கெந்தி வந்து பெஞ்சு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஜோவேசா சுற்றி வளைக்கவில்லை. உனைசியின் பெயரை விட்டுவிட்டு மீதியைச் சொன்னார். தோரிகா புகையை மூக்கு வழியாக விட்டபடி கடைசிவரை கேட்டாள். பிறகு தோள் குலுங்கச் சிரித்தாள்.

"நான் புகை பிடிப்பேன், கெட்ட வார்த்தை பேசுவேன், போன வருஷம் நடுவரைக் கீழ தள்ளினேன். மாத்திரை எடுத்தேன்னு மட்டும் சொல்லாதீங்க. கிளினிக்ல பிரஷர் பார்த்த அன்னைக்கே, உனக்கு அந்த மாத்திரை ஆகாதுன்னு மூஞ்சியில அடிச்சு சொல்லிட்டாங்க. கருத்தடைக்குக் கைல ஒரு குச்சி வச்சு விட்டிருக்காங்க, தொட்டுப் பாருங்க."

மேல்கையில் தோலுக்கடியில் தீக்குச்சி போல ஒன்று தட்டுப்பட்டது. ஜோவேசா விரலை அவசரமாக எடுத்துக்கொண்டார்.

"இருந்தாலும் வெள்ளைப் பாவாடை..."

"எந்த வெள்ளை?" தோரிகா மைதானத்தைக் கையால் காட்டினாள். ஓடிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கறுப்புப் பாவாடையில் இருந்தார்கள். "வெள்ளைன்னுதான் கொண்டுவந்தான் கடைக்காரன். சேத்துல விழுறது நாங்க, துவைக்கிறது நாங்க, நீ வெள்ளையக் குடுப்பியான்னு ஒரு சத்தம் போட்டேன். மறுநாளே கறுப்பு வந்துடுச்சு. இங்க எவளுக்கும் எதையும் தள்ளிப்போட அவசியம் கிடையாது, மாமா."

ஜோவேசாவின் கோட்டை அங்கேயே இடிந்தது. வசிதி ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தார். அவருடைய தவறான யூகம் விழுந்து நொறுங்கும்போதெல்லாம் கிண்டலடிக்கத்தான் அவள் சம்பளமே வாங்குகிறாள் என்று ஊரில் பேச்சு. இன்று அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தா," என்று தோரிகா லைட்டரை நீட்டினாள். "காதுல வச்சிருக்கறது கம்மலா? பத்த வை."

"வேணாம். தொண்டை கட்டியிருக்கு."

"உனக்கா?"

"கால் வேற விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, பாஸ். மார்க்கெட்டுல எண்ணெய் தேய்ச்சு நீவி விடுற லவேனியாகிட்டப் போயிட்டு வரேன். நீங்க கம்பத்துக்கு வேற ஆள் பாருங்க." பதிலுக்குக் காத்திராமல் பஸ்ஸை நோக்கிக் கெந்தினாள்.

தோரிகா அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கறை படக் கூடாதுங்கிற கவலை யாருக்கு இருக்கும்னு நெனக்கிறீங்க, மாமா? ஓடுறவளுக்கு இல்ல. உச்சியிலேர்ந்து கால்வரைக்கும் வெள்ளை உடுத்திட்டு, ஊரே பார்க்கப் பாயில நாள் பூராச் சம்மணம் போட்டு உக்காரணும் பாருங்க, அவளுக்குத்தான்."

அதே ஹால். அதே கொக்கிகள். மூலையில் சுருட்டி வைத்த பாய்கள். சர்ச்சுகளின் பாட்டுப் போட்டிக்குப் பயிற்சி எடுக்கிற பாடகர் குழு.

ஜோவேசா உனைசிக்குப் போன் போட்டார்.

"சிஸ்டர், நெட்பால் இல்ல. பாட்டுக்காரங்க."

மறுமுனையில் கிளினிக் குழந்தை ஒன்று வீரிட்டது. "அங்க புகை பிடிக்கிறவ யாரு?"

"அதைத்தான் வசிதிகிட்ட கேக்கணும். அவ அந்தக் குழுவுல ஆல்டோ, பொம்பளைங்க கீழ்க்குரல் வரிசையில பாடுறவ. இப்ப இல்ல, கால் சுளுக்குன்னு நீவப் போயிருக்கா."

"என்ன சுளுக்கு? கணுக்காலா?"

"கெண்டைக்கால்ல கை வச்சுக்கிட்டுப் போனா. ஒரு வாரமா டின் மேல தூக்கி வச்சிட்டு உக்காந்திருக்கா."

உனைசியின் குரல் வேறொரு பெண்ணுடையது போல மாறியது.

"ஒரு கால் மட்டுமா?"

"இடது."

"வீக்கம் இருக்கா? சூடா இருக்கா?"

ஜோவேசாவுக்குத் தலைக்குள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தது. நமத்துப்போன தீப்பெட்டி, ஆனால் மாடி அறைக்குள் மழை வரவே இல்லை. நீட்டிய லைட்டரைத் தள்ளிய கை. விழுந்து நொறுங்கிய யூகத்துக்கு வராத கிண்டல். உனைசி 'முப்பத்தஞ்சு தாண்டி, புகை பிடிக்கிறவ' என்று சொன்ன நிமிஷத்திலிருந்து அவள் புகைக்கவே இல்லை. பயந்து நிறுத்தியிருக்கிறாள். காலைப் பற்றி உனைசி எதுவும் சொல்லவில்லை. அதனால் காலுக்கு மட்டும் பயப்படவில்லை.

"அவதான் சிஸ்டர்," என்றார்.

"நீவ விடாதீங்க." உனைசி கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "அது சுளுக்கா இல்லாம, ரத்தம் உறைஞ்சு கட்டியிருந்தா, நீவுற நீவுல கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போயிடும். அங்கயே ஆள் காலி. ஓடுங்க."

*

லவேனியாவின் கடை மார்க்கெட்டின் பின்கட்டில், தேங்காய்க் குவியலுக்கும் கசாவா என்கிற மரவள்ளிக்கிழங்கு மூட்டைகளுக்கும் நடுவே. ரக்பிக்காரர்களின் தோளையும் மூட்டை தூக்குகிறவர்களின் இடுப்பையும் அவள் கட்டைவிரலுக்குக் கீழே வைத்திருந்தாள். ஊரில் யாருக்குக் கால் வீங்கினாலும் முதலில் வருவது இங்கேதான், டாக்டரெல்லாம் பிறகு.

ஜோவேசா மூச்சிரைக்க உள்ளே நுழைந்தபோது வசிதி பாயில் குப்புறப் படுத்திருந்தாள். லவேனியா உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றித் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டிருந்தாள்.

"கையை எடுங்க."

"இன்னும் வைக்கவே இல்லையே," என்றாள் லவேனியா.

"வைக்காதீங்க."

வசிதி தலையைத் திருப்பினாள். "பாஸ், பொம்பளைங்க எண்ணெய் தேய்க்கிற இடத்துல..."

"அந்த மாத்திரையை எப்பலேர்ந்து முழுங்குற?"

லவேனியாவின் கையிலிருந்து எண்ணெய் சொட்டு சொட்டாகப் பாயில் விழுந்தது. வசிதி எழுந்து உட்கார்ந்தாள். வலது காலோடு சேர்த்துப் பார்த்தபோதுதான் இடது காலின் பருமன் தெரிந்தது. முழங்காலுக்குக் கீழே தோல் இறுகி, பளபளத்து, சிவந்திருந்தது.

"தௌ பையில எடுத்தா அது திருட்டு இல்ல, பாஸ்," என்றாள் மெதுவாக. "எல்லாரும் ஒத்துக்குவாங்க."

"திருட்டைப் பத்தி யாரு கேட்டா?"

"சிஸ்டர் வந்து சொன்னப்பத்தான் தெரியும். அங்கயே புகையை விட்டுட்டேன். விட்டாச் சரியாயிடும்னு நெனச்சேன்." காதுக்குப் பின்னால் இருந்ததை எடுத்துப் பார்த்தாள். "உங்ககிட்ட வந்து எப்படிச் சொல்றது? தூரம், மாத்திரைன்னு. நீங்க அட்டையைப் பிடிச்சிருந்த விதமே தேளைப் பிடிச்ச மாதிரி இருந்துச்சு."

"நடக்காத. நான் தூக்கிக்கிறேன்."

"வேணாம் பாஸ், உங்களையும் சேத்து அட்மிட் பண்ணணும்."

லவேனியா எண்ணெயைத் துடைத்துக்கொண்டு வந்து வசிதியைக் கசாவா மூட்டை போல இரண்டு கையிலும் அள்ளினாள். டாக்சிவரை அவள்தான் சுமந்தாள்.

*

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருத்தி திரையை இழுத்துவிட்டுக் கேட்டாள். "ஏதாவது மாத்திரை எடுக்கறீங்களா?"

வசிதி டாக்டரைப் பார்க்கவில்லை. கால்மாட்டில் நின்ற ஜோவேசாவைப் பார்த்தாள்.

ஜோவேசா வாழ்நாளெல்லாம் பதிலுக்காகக் காத்து நின்றவர். இப்போது தொப்பியை எடுத்துக்கொண்டு, திரையைத் தாண்டி, நடைவழிக் கோடிவரை நடந்து, அங்கிருந்த தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர்ச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை.

ஸ்கேன் முடிந்து டாக்டர் வெளியே வந்தாள். "கட்டிதான். முழங்காலுக்கு மேல ஏறப் பார்க்குது. நுரையீரலுக்குப் போகல. ரத்தத்தை இளக்குற ஊசி போட்டாச்சு. மாத்திரை விஷயத்தை உடனே சொல்லிட்டாங்க, அதனாலதான் சுளுக்குன்னு கட்டுப் போட்டு அனுப்பாம நேரா ஸ்கேனுக்குப் போனோம்."

ஜோவேசா உள்ளே போனபோது உனைசி வந்திருந்தாள். வெள்ளைச் சீருடையோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வசிதியின் கையைப் பிடித்திருந்தாள்.

"கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேன்டி. அதனாலதான் கேக்கலையா?"

"கேட்டா நீ காரணம் கேப்ப."

"கேப்பேன்தான். அதுக்குத்தானே படிச்சிருக்கேன்." உனைசி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சரி. மிச்ச அட்டையை எங்க வச்சிருக்க? அதைக் குடு."

வசிதி கூரையைப் பார்த்தாள்.

"எங்கடி?"

"ஆல்டோ வரிசைக்குப் போயிடுச்சு." குரல் இறங்கிவிட்டது. "ஒருத்தி பார்த்துட்டா. கேரேகேரேன்னா. இல்லைன்னு சொல்ல முடியுமா? அப்புறம் இன்னொருத்தி. எல்லாருக்கும் போட்டி அன்னைக்கு அதே வெள்ளை, அதே பாய். நான் அட்டைகளை ஒரு டப்பாவுல போட்டுப் பாய் ஓரத்துல வச்சிட்டேன். யாரு யாரு எடுத்தாங்கன்னு பார்க்கல. பார்த்தா மரியாதை இல்லையே."

ஜோவேசாவும் உனைசியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னைக்குப் பயிற்சி உண்டா?" என்றார்.

"இப்ப நடந்துட்டிருக்கும்."

*

ஹால் வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே பாட்டு கூரையைத் தூக்கிக்கொண்டிருந்தது. உனைசி பிரஷர் பார்க்கும் கருவியை நெஞ்சோடு அணைத்தபடி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"நீங்க கேளுங்க."

"நானா? நீங்க நர்ஸு."

"நான் கேட்டா அதட்டல்னு நெனச்சு வாயை மூடிக்குவாங்க. திருட்டுப்போன மாத்திரைக்குச் சொந்தக்காரியும் நான்தான். ஒருத்தி கூடச் சொல்ல மாட்டா."

ஜோவேசா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். பாட்டு மாஸ்டர் கையைத் தாழ்த்தினார். குரல்கள் அடங்கின. பாய் முழுக்கப் பெண்கள். ஒரு பக்கம் ஆண்கள். பாதிரியாரின் மனைவி ஆல்டோ வரிசையின் முதல் இடத்தில், முதுகை நேராக வைத்து உட்கார்ந்திருந்தார்.

ஜோவேசா தரையில் உட்கார்ந்தார். நின்றபடி கேட்கிற கேள்வி இல்லை அது.

"வசிதி ஆஸ்பத்திரியில இருக்கா. கால்ல ரத்தம் கட்டிடுச்சு. பொழச்சுக்கிட்டா. இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா நாளைக்கு நீங்க அவளுக்காகப் பாடிட்டிருப்பீங்க." தொப்பியை மடியில் வைத்தார். "அந்த டப்பாவுல இருந்த கருத்தடை மாத்திரையாலதான். அது கெட்ட மாத்திரை இல்ல. யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாதுன்னு பார்த்துக் குடுக்கணும். சிஸ்டர் வாசல்ல நிக்கறாங்க, பார்க்கத்தான் வந்திருக்காங்க. யாரு எடுத்தீங்கன்னு எனக்குத் தெரிய வேண்டாம். அவங்ககிட்ட சொன்னாப் போதும். ஆம்பிளைங்க எல்லாம் என்கூட வெளிய வந்துடுவாங்க."

ஆண்களில் கீழ்க்குரல்காரர் ஒருவர் தன் பாட்டுப் புத்தகத்தைத் தீவிரமாகப் படிக்க ஆரம்பித்தார். ஆல்டோ வரிசையில் எல்லோரும் பாயின் பின்னலை ஆராய்ந்தார்கள். ஒருத்தி முந்திக்கொண்டு சொன்னால் மற்றவளைக் காட்டிக்கொடுத்தது போலாகும். பிந்திச் சொன்னால் ஒளித்தது போலாகும். அந்த இடைவெளியில் எல்லோரும் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

பாதிரியாரின் மனைவி கையைத் தூக்கினார்.

தோள்வரை அல்ல, தலைக்கு மேலே, பள்ளிக்கூடத்தில் தூக்குவது போல.

"ஆம்பிளைங்க இருக்கட்டும்," என்றார். "அவங்களும் கேக்கட்டும். சிஸ்டர், எனக்குத் தலைவலி வரதுக்கு முன்னாடி ஒரு கண்ணுல மின்னல் மாதிரி வெட்டும், அப்புறம் எழுத்தெல்லாம் பாதிதான் தெரியும். அது இதுல சேத்தியா?"

வாசலில் இருந்த உனைசி செருப்பைக் கழற்ற மறந்து உள்ளே ஓடி வந்தாள்.

"சேத்திதான் அம்மா. இன்னைக்குப் போட வேண்டியதைப் போட்டுட்டீங்களா?"

"இன்னும் இல்ல. ராத்திரிதான் போடுவேன்."

"போடாதீங்க. இனிமே எப்பவும் வேணாம். வேற வழி இருக்கு, நான் சொல்றேன்."

பாதிரியாரின் மனைவி அப்போதுதான் கையை இறக்கினார். அதே கையால் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து பாதி தீர்ந்த அட்டையை எடுத்து, எல்லோரும் பார்க்கப் பாயின் நடுவில் வைத்தார். அடுத்து இருந்தவள் ஒரு பெருமூச்சோடு கைப்பையைத் திறந்தாள். அதற்கடுத்தவளும். கடைசியில் பின்வரிசையில் உச்சக்குரல் பாடும் சோப்ரானோக்கள் பக்கமிருந்து ஒரு அட்டை காற்றில் பறந்து வந்து விழுந்தது. எறிந்தவள் யாரென்று ஜோவேசா திரும்பிப் பார்க்கவில்லை.

உனைசி பாயில் மண்டியிட்டு, கருவியின் பட்டையைப் பிரித்து, முதல் கையில் சுற்றினாள்.